மீனுக்குக் கிடைத்த கூரை

காக்கா,

இன்று முவைலாவில் எங்கள் கட்டட வாசலில் ஒரு லாரி ராக்வுல் என்னும் வெப்பத்தடுப்புப் பஞ்சுக் கட்டுகளை இறக்கியது. பிரித்த கட்டிலிருந்து அந்தக் கருகல் வாசனை வந்ததும், பழைய அரிப்பு திரும்பியதுபோல், கை தானாக முழங்கையைச் சொறிந்தது. உடனே, எனக்கு அண்ணனாக இருந்த நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். கூடவே அந்தக் கோபமும்.

இதே அரபு நாட்டில், முசஃபாவில் நாம் குளிர்கிடங்கு கட்டும் கம்பெனியில் இருந்தோம். பகலெல்லாம் மீன் கெடாமலிருக்கச் சுவரிலும் கூரையிலும் தடிமனான வெப்பத்தடுப்பு வைப்போம். டூட்டி முடிந்து திரும்பினால் நமக்குத் தகரக் கேபின். ஏசி ஓயாமல் உறுமும். கட்டிலின் இரும்பு கையைச் சுடும். "மீனாப் பொறந்திருந்தா ஜம்முனு இருந்திருக்கலாம்" என்று நீங்கள் சொன்னபோது ரூமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

சைட்டில் குப்பைக்குப் போகவிருந்த ராக்வுல் துண்டுகளை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கினீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லோருமாகக் கூரைக்கடியில் அதை வைத்துப் பலகை அடித்தோம். ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். அன்று மாலை ஏசி தானாக நின்றது. பழுதாகிவிட்டதென்று பயந்தேன். "ரூம் குளுந்துட்டுது. அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்றீர்கள்.

பக்கத்து ரூம்காரர்களும் தங்களுக்கு வேண்டுமென்று கேட்டார்கள். அதுதான் குற்றமாகிவிட்டது. மேனேஜர் வந்தார், நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். கரண்ட் செலவு குறையுமே என்று நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். பில் கட்டுவது கேம்ப் ஓனர், கம்பெனிக்கு அதில் என்ன லாபம் என்றார்.

"ஒரு ரூமுக்கு விட்டா எல்லா ரூமும் கேக்கும். ஏசி குடுத்திருக்கோம்ல, கலாஸ், அவ்வளவுதான்."

"ஏசி குடுத்தீங்க சார். அந்தக் குளிரு நிக்கிறதுக்குக் கூரை குடுக்கலியே" என்றீர்கள்.

வைத்த கைகளாலேயே பிரிக்க வைத்தார்கள். அந்தக் கோடையில், ஏசி உண்மையாகவே பழுதான ஒரு மதியம், நீங்கள் ரூமில் மயங்கி விழுந்தீர்கள். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று மேனேஜர் உங்கள் மேலேயே பழி போட்டார். கீழக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நோன்புக்கு முன்பே மௌத்துச் செய்தி வந்தது. தகரம்தான் உங்களைக் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அதை எப்படிப் பொறுப்பது?

இங்கே எங்கள் கட்டடத்திலும் மேல்மாடிக் குடும்பங்கள் வெந்துகொண்டிருந்தன. கூரைக்கு வெப்பத்தடுப்பு கேட்டதும் கட்டட ஓனரின் ஆளும் "ஏசிதான் இருக்கே" என்றார். நான் விடவில்லை. எல்லா வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு நடுப்பகலில் அவரை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள் என்றேன். அவர் கழற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வேலையைத் தொடங்கலாம் என்றார்.

"அதான் சரி பண்றாங்களே, இன்னும் ஏன் வாப்பா கோவம்?" என்கிறாள் மகள்.

போன வாரம் முசஃபா போயிருந்தேன். அந்தக் கேபின்கள் இன்னும் வெறும் தகரமாகவே நிற்கின்றன. உள்ளே வேறு ஆட்கள். இது ஆறாது, காக்கா. ஆறவும் விடமாட்டேன்.