வலது பக்கத்து சீட்

1958 ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மலை மேல் மேகம். கீழே ஒரு சொட்டு இல்லை. பால்காரர்: "குத்தாலத்துல தண்ணி நூல் மாரி விழுது. ரெண்டு நாள்ல சாரல் வந்துரும்." போன வாரமும் இதையேதான் சொன்னார்.

ஜீப்புக்கு மேல்மூடி ஹூட் தையல் பாதி. கான்வாஸ் துணியா, தகரமா? மிஷின் ஊசி மறுபடியும் ஒடிந்தது. வாங்க வேண்டியது: தடித்த ஊசி, முறுக்கு நூல், மெழுகு, உளுந்து, அத்தைக்குத் தலைவலித் தைலம்.

வீட்டுக்காரர் அரிசி மில்லிலிருந்து வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, நேரே வண்டிக்கு அடியில். கால் மட்டும் வெளியே. அத்தை (இவர் அம்மா) அந்தக் காலைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே, சோத்தை அங்கனயே தள்ளி விடட்டுமா?"

போன வருஷம் மதுரையில் பட்டாளத்து ஏலச் சாமான் என்று வாங்கி லாரியில் ஏற்றி வந்தபோது ஜீப்பில் சீட் இல்லை, தரைத்தகடு இல்லை. முட்டையோடு ஒரு கோழிக்கூடு மட்டும் இருந்தது. இன்று ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிறது. எனக்கும் பெருமைதான். மேலே இருந்த கண்றாவி நீலத்தைச் சுரண்டிச் சுரண்டி அசல் பச்சையைக் கண்டுபிடித்தது நான்.

ஜூன் 5, வியாழன்

வெயில். மில் வேலையாக இவரோடு செங்கோட்டை.

மில் வேலைக்கு நான் எதற்கு? வண்டி அமெரிக்கப் பட்டாளத்துக்குச் செய்தது. ஸ்டியரிங் இடது பக்கம். வளைவதற்குக் கை காட்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் கை நடு ரோட்டுப் பக்கம் எட்டாது. வலது பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் நீட்ட வேண்டும். முன்னால் லாரி போனால் எட்டிப் பார்த்து "போலாம்", "வேண்டாம்" சொல்வதும் அவர் வேலையே. முதலில் அத்தைதான் உட்கார்ந்தார். தெரிந்த வீட்டையெல்லாம் கை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று நின்று வந்தது. அன்றோடு அந்த உத்தியோகம் எனக்கு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கோயில், கிணறு, அடுப்படி. இந்த ஒரு வருஷத்தில் பார்த்தது: புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் (அந்த வாசனை!), ஆரியங்காவுக் காடு, செங்கோட்டையில் மலைக்குள் நுழையும் ரயில். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஜீப்புக்குக் கை வேண்டுமே.

திரும்பும்போது ரோட்டில் வண்டி பரிசோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"லெஃப்ட் ஹாண்ட் வண்டிக்கு சிக்னல் லைட்டு எங்கய்யா?"

"சம்சாரம் கை காட்டுவா சார். தப்பே விடமாட்டா."

"சம்சாரம் காட்டுதது சரி. சட்டத்துல சம்சாரம் இல்லையே. இந்த மாசத்துக்குள்ள லைட்ட மாட்டிக் கொண்டாந்து காட்டும்."

சட்டத்தில் சம்சாரம் இல்லை என்று சொல்லிச் சொல்லி இவர் வழி முழுக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைட் வந்தால் கை எதற்கு? கை வேண்டாமென்றால் நான் எதற்கு?

ஜூன் 8, ஞாயிறு

மூட்டம். புழுக்கம். துவையலுக்கு உப்புக் கூடிப்போச்சு.

மெக்கானிக் மைதீன் அண்ணன் வந்து காலையிலிருந்து இவரோடு லைட் ஆராய்ச்சி. இந்த வண்டி பேட்டரிக்கு ஏற்ற பல்பு இங்கே கிடைக்காதாம், கொல்லத்திலிருந்து வர வேண்டுமாம். கிடைக்காமலே போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சாமி கும்பிடுகிற அறையில் நின்று வேண்டவில்லை. அவ்வளவு தைரியம் இல்லை.

அத்தைக்குச் சந்தோஷம். "அப்பாடா. இனி இவ வெயில்ல கைய நீட்டிட்டு அலைய வேண்டாம். பாரேன், ஒரு கை மட்டும் கருத்துக் கெடக்கு."

பிறகு தனியாக இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். உண்மைதான். கறுத்த கைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவரிடம் சொல்லலாம். என்னவென்று சொல்ல? ஊர் சுற்ற ஆசை என்றா? இவருக்குக் கார்புரேட்டரில் தூசி விழுந்தால் தெரியும். என் முகம் விழுந்தது தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

பல்பு வந்துவிட்டது. மாட்டியும் ஆகிவிட்டது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆரஞ்சுக் கண்ணாடி. இவர் விசையைத் தட்டினார். மினுக், மினுக். தெருவே வந்து நின்று பார்த்தது. எதிர் வீட்டு ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

விசைக்குக் கீழே மெல்லிசாக ஒரு வயர் தொங்குகிறது. ஒரு இழுப்பு போதும். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு போய் மாவு ஆட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

இவர் புளியங்குடிக்கு. பக்கத்து மரக்கடை சங்கரன் அண்ணாச்சியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. என் சீட்டில் அவர்! தொந்தி முழங்காலைத் தொடுகிறது.

பெட்டி அடுக்கினேன். முறுக்கு சுட்டேன். ஹூட் தையல் முடித்தேன். வீடு ரொம்பச் சின்னதாக இருந்தது. ஏங்கிப் போய்விட்டேன், இதில் எழுதுவதற்கென்ன.

சாயங்காலம் கேட்டேன், லைட் எப்படி என்று. "லைட்டு பிரமாதம். மாட்டுவண்டிக்காரந்தான் நடு ரோட்டுல நிறுத்தி, என்ன மினுங்குதுன்னு எறங்கி வந்து பாக்கான்."

முறுக்கு மொறுமொறுவென்று வந்திருந்தது. இவருக்கு இரண்டு குறைத்தே வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சாரல்! விடியும்போதே வாசல் ஈரம். மலை தெரியவில்லை. எல்லாரும் ஐந்தருவிக்கு. எடுத்துப் போனது: புளியோதரை, சீயக்காய், துண்டு, மாற்றுச் சேலை, நல்லெண்ணெய்.

முன்னால் இவரும் சங்கரன் அண்ணாச்சியும். முன் கண்ணாடியைத் தள்ளித் திறந்து முகத்தில் சாரல் வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நான், அத்தை, சங்கரன் அண்ணாச்சி சம்சாரம். நான் தைத்த ஹூட்டைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. தையல் நேராக இருக்கிறது.

அருவியில் நல்ல தண்ணீர். தலையில் விழுந்ததும் கோபம் பாதி போய்விட்டது. சங்கரன் அண்ணாச்சி எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பைக் கொடுத்து, துவைத்த துணி மாதிரி திரும்பி வந்தார்.

திரும்பும்போது மேலகரம் தாண்டி முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. இவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. "அண்ணாச்சி, போலாமா?" "ம்ம்." போனார். எதிரே பஸ்! ஒடித்துத் திருப்பினதில் ஜீப் ரோட்டை விட்டு வயல் சகதியில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அப்போதுதான் தெரிந்தது, அண்ணாச்சி தூக்கத்தில் "ம்ம்" போட்டிருக்கிறார்.

எல்லாரும் இறங்கினோம். இவர் என்னைப் பார்த்தார். "கோமு, நீ முன்னால ஏறு. லைட்டுக்குக் கண்ணு இல்லயே."

இத்தனை நாள் இதற்குத்தான் ஏங்கினேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஏறுதேன். ஆனா எனக்கு அந்தப் பக்கமும் கத்துத் தரணும்." ஸ்டியரிங்கைக் காட்டினேன்.

இவர் என் காலைப் பார்த்தார். "பெடலு எட்டுமா?"

"எட்டும். ஹூட்டுக்கு அளவெடுக்கையில உக்காந்து பாத்திருக்கேன்."

அத்தை என்ன சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். "எட்டலேன்னா தலகாணி வச்சுக்கிடட்டும். இப்ப வண்டிய எடுலே, நனையுதேன்."

ஜூன் 17, செவ்வாய்

சாரல் விட்டு விட்டு. ஊருக்கு வெளியே குளத்தில் இன்னும் தண்ணீர் இல்லை, தரை கெட்டியாக இருக்கிறது. அங்கே போனோம். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இடது பக்கம் ஏறினேன். வலது பக்கத்தில் இவர்.

முதலில் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. பிறகு தவளை மாதிரி ஒரு குதி. இவர் "கிளச்சு, கிளச்சு" என்றார், திட்டவில்லை. அப்புறம் போனது. நான் போகச் சொன்னேன், போனது! கரை பக்கத்தில் வந்துவிட்டது, வலது பக்கம் திருப்பினேன். லைட் போட மறந்தே போனேன். பின்னால் ஒரு எருமையைத் தவிர யாரும் இல்லை. இவர் கையை வெளியே நீட்டினார்.