கிளட்ச் ரப்பர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் வண்டி வழியில் நின்றுவிட்டது. வாடகைக் கார்தான். டயாலிசிஸ் முடிந்து என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பத்தாவது நிமிடம், மேம்பாலத்து இறக்கத்தில் புகை. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். இவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது நிமிடம். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்த மனுஷன், வெயிலில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இரண்டு தரம் வாந்தி. வாரத்துக்கு மூன்று நாள் இதே பாடு. அடுத்தவன் வண்டியை நம்பி இனி முடியாது. லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். புதுசுக்கு வழியில்லை.

சொன்னதும் இவர் சிரித்தார். "நீயா? வெண்டைக்காயையே ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பார்க்கற ஆளு. காரை எங்க ஒடிப்ப?"

பிப்ரவரி 8, ஞாயிறு

பழைய கார் விற்கும் கடை. எங்கள் சட்டை கம்பெனி வேனைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போனேன். வெள்ளைக் கார், மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டின வண்டி மேடம்" என்றான் கடைக்காரன். விற்பனைக்கு வருகிற காரெல்லாம் டாக்டர் ஓட்டினதுதான். ஓட்டுகிற நேரம் போக எப்போது வைத்தியம் பார்த்தார்களோ.

மெக்கானிக் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு பழைய ஸ்டிக்கரைக் காட்டினார். ஆயில் மாற்றிய தேதி, மூன்று வருடம் முந்தையது. அன்றைக்கே தொண்ணூற்றாறாயிரம். கடைக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சமாளித்தான்: "அது வேற வண்டி ஸ்டிக்கரா இருக்கும் மேடம்." வேறு வண்டி ஸ்டிக்கர் நடந்து வந்து இதில் ஒட்டிக்கொண்டதாம். யார் காதில் பூச்சுற்றுகிறான்?

திரும்பும்போது மெக்கானிக் சொன்னார். "மீட்டரை அரை மணி நேரத்துல குறைச்சிடுவாங்கக்கா. மிதிக்கிற ரப்பர், உட்கார்ற சீட்டு, ஸ்டீயரிங். இதைப் பாருங்க. அதுக்கெல்லாம் பொய் சொல்லத் தெரியாது."

பிப்ரவரி 9, திங்கள்

வேலைக்குக் கிளம்பும்போது இவர் செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். வாங்கி ஒன்றரை வருடம். குதிகால் தேயவே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

டயாலிசிஸ் நர்ஸ் ஒரு கார் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், தனியாக இருக்கிறாராம். ஒன்பது வருட வண்டி, ஓடினது இருபத்தோராயிரம்.

ஒன்பது வருடத்தில் இருபத்தோராயிரமா? காரை வாங்கிப் பூட்டி வைத்துப் படம் பார்த்தார்களா? நர்சுக்கு இதில் என்ன அக்கறை? கமிஷன் இருக்குமோ? பாவம், இவருக்கு ஊசி குத்தும்போது அவ்வளவு பதமாகக் குத்துகிறவள். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மெக்கானிக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனேன்.

வெளியே பார்க்க வண்டி பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று இருந்தாலே எனக்குச் சந்தேகம்தான். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, "சர்வீஸ் பில்லெல்லாம் உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேம்மா" என்று போனார்.

குனிந்து பார்த்தேன். கிளட்ச் ரப்பர் வழவழவென்று இருக்கிறது. ஒரு கோடுகூட மிச்சமில்லை, ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்க்கிறது. டிரைவர் சீட்டில் குழி. பக்கத்து சீட்டிலும் குழி. இருபத்தோராயிரமாம். வெளுத்துப் போய்விட்டது சாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு வேலை செக்கிங். நாள் முழுக்கச் சட்டையைப் புரட்டி, தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். கைப்பையில் எப்போதும் ஒரு தாள் ஸ்டிக்கர் கிடக்கும். கை தானாக எடுத்திருக்கிறது. ரப்பரில் ஒன்று, இரண்டு சீட்டிலும் ஒவ்வொன்று. நிமிர்ந்தால் டீச்சர், கையில் ஃபைலோடு.

நான் விட்டேனா? "டீச்சர், மீட்டர் இருபத்தோராயிரம்னு சொல்லுது. இந்த ரப்பர் ஒரு லட்சம்னு சொல்லுதே. எதை நம்பறது?"

அவர் அம்புகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஃபைலைத் திறக்கவே இல்லை.

"நான் விக்கறதா இல்லைம்மா. நீங்க கிளம்புங்க."

குட்டு உடைந்ததும் விரட்டுகிறார், அவ்வளவுதான். நல்லவேளை தப்பித்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மெக்கானிக் வந்துவிட்டார். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிரேக் ரப்பர் எப்படி இருந்துச்சு?" என்றார்.

யோசித்தேன். புதுசாகத்தான் இருந்தது. ஆக்சிலரேட்டரும் அப்படியே. ஸ்டீயரிங்கும்.

"ஓட்டின வண்டின்னா மூணும்தானேக்கா தேயும்? கிளட்ச் மட்டும் தேஞ்சு பிரேக் புதுசா இருக்குன்னா… எனக்குப் புரியலையே."

எனக்கும் புரியவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியோ? அதற்கும் பிரேக் தேயுமே. இன்று செக்கிங்கில் இரண்டு பிசகைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நர்ஸ் இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானாகத்தான் போய்க் கேட்டேன்.

"டீச்சர் வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு. பிசியோக்கு இங்கதான் வருவாரு. கால்ல பலம் வரணும்னு தினம் காலைல வீட்டு வாசல்ல வண்டில உட்கார்ந்து, என்ஜினைப் போடாம கிளட்சை மிதிப்பாரு. இருநூறு தடவை. டீச்சர் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து எண்ணுவாங்க. மூணு வருஷம். போன வருஷம் இறந்துட்டாரு. நீங்க ஸ்டிக்கர் ஒட்டினீங்களாமே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கால் வராத மனுஷன் மிதிச்சது. அதுக்குப் போய் அம்பு ஒட்டியிருக்கேன். எவ்வளவு திமிர் எனக்கு — சே.

இவரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, வியாழன்

அந்தத் தெருவரை போனேன். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே, "தெரியாம பேசிட்டேன் டீச்சர், தப்புதான்" என்றேன்.

"ஸ்டிக்கர் அப்படியேதான் இருக்கு. நீங்களே எடுங்க" என்றார்.

எடுத்தேன். பசை ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. முந்தானையால் துடைத்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "யாருக்காக கார்?" என்று கேட்டார். சொன்னேன். மேம்பாலம், புகை, நடைபாதை, எல்லாம். அழக்கூடாது என்றிருந்தேன். அழுதுவிட்டேன்.

உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் பில். கடைசி நாலு பில்லிலும் கிலோமீட்டர் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

"அவருக்கு முடியாமப் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோலதான் போனோம். எனக்கு ஓட்டத் தெரியாது. வாசல்ல கார் நிக்குது, நாங்க ஆட்டோவுக்கு நிப்போம்" என்றார். "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

மார்ச் 1, ஞாயிறு

மெக்கானிக் இரண்டு மணி நேரம் பார்த்தார். என்ஜின் நல்லாயிருக்காம். நின்றே கிடந்ததால் டயர் நாலும் இறுகிவிட்டன, பேட்டரி போச்சு. மாற்றியாக வேண்டும். மீட்டர் சொல்வது நிஜம்தான் என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார், அந்தக் கிளட்ச் ரப்பரைக் கழற்றித் தரச் சொல்லி. மெக்கானிக் துடைத்துக் கொடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

டயர், பேட்டரி மாற்றி வண்டி கைக்கு வந்துவிட்டது. டயாலிசிஸுக்கு முதல் தடவை நான் ஓட்டிப் போனேன். சிக்னலில் இரண்டு முறை அணைந்தது. தப்பு என்னுடையது, வண்டியுடையதல்ல. இவர் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

மார்ச் 14, சனி

ஐந்தாவது தடவை. வரும் வழியில் இவர் தூங்கிவிட்டார். மேம்பாலத்து இறக்கத்தில் என்ன சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தினேன். இவர் அசையவே இல்லை. எனக்குத்தான் எதையும் அப்படியே நம்பத் தெரியாதே, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், இருக்கேன்" என்றார்.

"இறங்கலாமா?"

"கொஞ்ச நேரம் இப்படியே இருப்போமே."

என்ஜினை அணைத்தேன்.