நீ கேட்ட ரசத்தின் செய்முறை

போடிநாயக்கனூர்
17.11.2024

கர்த்தருக்குள் அன்பான மகள் இவாஞ்சலினுக்கு அப்பா ஏசுதாசன் எழுதுவது. இங்கே ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் தம்பி அஜய்குமாரும் நல்ல சுகம். எனக்குப் பிரஷர் மாத்திரை அரையிலிருந்து ஒன்றாக ஏறியிருக்கிறது, அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. பெல்ஜியத்துக் குளிரில் நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், உன் பெயரைச் சொல்லாமல் குடும்ப ஜெபத்தில் நாங்கள் ஆமென் சொல்வதில்லை. கை கால் சுகம் என்று குறிப்பாக எழுதியதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீதானே ரசத்தின் செய்முறையை அப்பா கைப்பட எழுதி அனுப்பச் சொன்னாய். ஆறு தடவை வைத்துப் பார்த்தும் அந்த ருசி வரவில்லை என்று போன மாதமும் சொன்னாய். எல்லாம் கைப்பக்குவம் என்று இரண்டு வருஷமாக மழுப்பிவிட்டேன், இப்போது எழுதுகிறேன். ஆனால் செய்முறைக்கு முன்னால் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போனில் என்றால் மூன்றாவது நிமிஷத்தில் சத்தம் போட்டுத் தப்பித்துவிடுவேன் என்று உன் அம்மா என்னை மேஜையில் உட்கார வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறாள். இதைப் படித்த பிறகு ஜனவரியில் தம்பி கல்யாணத்துக்கு நீ வராமல் போய்விடுவாயோ என்பதுதான் எனக்குப் பயம். பாதியில் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, முழுவதும் படி.

முதலில் ஊர் விஷயம். மழை தாராளம், கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் போகிறது. போன தடவை நீ வந்தபோது தேனியோடு நின்ற ரயில் இப்போது போடி வரைக்கும் வருகிறது. அறுப்பின் பண்டிகை அசனம் நல்லபடியாக முடிந்தது, பன்னிரண்டு கிடாய், சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் சாப்பிட்டோம், சமையல் வழக்கம்போல மார்க்கையன்கோட்டை குருசாமி. கறிக்குழம்பு கொதித்ததும் உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், இது இருபத்தோராவது வருஷம். சபைக் கமிட்டியில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை, ஆனால் கறி என்று வந்துவிட்டால் என் நாக்கைத்தான் நம்புகிறார்கள். இந்த நாக்குக்குப் பிறந்த பிள்ளை கறி மீனோடு பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்கிறதே என்று நான் அப்போது மாய்ந்து போனது உனக்கே தெரியும். போன தடவை நீ கொண்டுவந்த, பட்டாணியில் கோழிக்கறி மாதிரியே செய்த பாக்கெட்டைக் கறிக்கடை சீனிச்சாமி இன்னும் மறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, கோழி வேண்டாம்னா வேண்டாம், சரி, அப்பறம் எதுக்குப் பட்டாணிக்குப் போயி கோழி வேசம் போட்டு விடுறாக?” என்று கேட்டானே, அதற்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. நீ வந்து அவனுக்குச் சொல்.

இப்போது அந்தக் கை கால் சுகத்துக்கு, அதாவது வீக்கத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்பு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பு கேட்டிருக்கிறார்கள். உன் அம்மா, “மக கல்யாணத்துக்கு வாரா, அவ வீகன், சாப்பாட்டுக்கு என்ன செய்யன்னுதான் கவலையா இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். குறிப்பெழுதும் நோட்டு உன் பெரிய அத்தையின் கையில். அத்தைக்கு வலது காது கேட்காது. நீ கறி சாப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும், அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்பது தெரியாது. ‘இவாஞ்சலின், வீக்கம், சாப்பிட முடியவில்லை’ என்று எழுதிவிட்டாள். அது அப்படியே குருவானவர் கைக்குப் போய், ஞாயிறு ஆராதனையில் அவர், தூர தேசத்தில் வீக்கத்தினால் வாதிக்கப்பட்டு ஆகாரம் உட்கொள்ளக் கூடாமல் இருக்கிற மகளுடைய வீக்கம் வற்றிப்போகும்படி என்று உருக்கமாக ஜெபித்தார். முழுச் சபையும் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். பெயரைக் கவனிக்கவில்லை, பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்தால் செருப்பைத் தேடக்கூட விடவில்லை. எங்கன வீக்கம், காலுலயா கழுத்துலயா என்று ஒருவர், அந்த ஊரில் கொசு உண்டா, யானைக்காலாக இருக்கப்போகிறது என்று ஒருவர். வீக்கம் இல்லை, வீகன் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. கறி மீன் கிடையாது. முட்டை? கிடையாது. பால்? கிடையாது. தயிர், நெய்? அதுவும் பாலிலிருந்துதானே வருகிறது, கிடையாது. தேன்கூடவா? தேனும் கிடையாது. இருபது பேர் சுற்றி நிற்க, ஞாயிறு பள்ளியில் பத்துக் கற்பனையை ஒப்பிக்கிற பையன் மாதிரி உன் கட்டளைகளை எல்லாம் ஒப்பித்தேன். உன் அத்தை கடைசி வரை கேட்டுவிட்டு, “ஏலே தம்பி, இதுக்கு வீக்கமே தேவலையே, வீக்கம்னா மாத்திரைல வடிஞ்சிரும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா, கூட்டத்தில் ஒருவர், “அப்ப பிள்ள ஆடு திங்காது, ஆடு திங்கிறதத்தான் திங்கும்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். அது நான் சொன்ன கேலி. இரண்டு வருஷம் முன்பு நம் மளிகைக் கடை வாசலில் சீனிச்சாமியிடம், நீ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னது. பஜாரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்கு நானே சொல்லி நானே வயிறு குலுங்கச் சிரித்தேன், நீ மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை எதைத் தின்றால் உமக்கென்ன என்று சர்ச் வாசலிலேயே சண்டைக்குப் போய்விட்டேன், உன் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அன்று மத்தியானமே தேவாரத்திலிருந்து சம்பந்தி வந்துவிட்டார், தம்பிக்குப் பேசியிருக்கும் நம் ஷெரினின் அப்பாதான். வீக்கச் செய்தி அதற்குள் மலையடிவாரம் வரை போயிருக்கிறது. இது பரம்பரை வியாதியா என்று கேட்க வந்தவர், நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு உன் தம்பியின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. பால் விடாமல் ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் குடித்துவிட்டு, “இதுக்கா சம்பந்தி இம்புட்டு மண்டையடி? பந்தியில பிள்ளைக்குத் தனியா ரசம் வைப்பாகல்ல, அதுல நாலு கரண்டி எலும்புச் சாற ஊத்திவிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போவுது? குருசாமிட்ட நான் சொல்லிர்றேன்” என்றார். அவர் நல்ல மனுஷர்தான், உனக்குத் தெம்பு வரட்டும் என்ற நினைப்பில் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், அதெல்லாம் செய்யக் கூடாது என்று மேஜையைத் தட்டினேன். அவர் மிரண்டுபோய், ஏன் சம்பந்தி, அதுல என்ன இருக்கு என்று கேட்டார். உன் அம்மாவும் தம்பியும் பார்த்துக்கொண்டு நிற்க, என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான். நான் செஞ்சிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் ஆத்தா. நீ ஆறு தடவை வைத்தும் வராத அந்த ருசி நெஞ்செலும்பின் ருசி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்து இறங்கியபோது உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வெறும் இலையைத் தின்று என் பிள்ளை சாகப்போகிறது என்று பயந்துவிட்டேன். தினம் காலையில் நீ எழுவதற்குள் சீனிச்சாமி கடையில் நெஞ்செலும்பு வாங்கி, நம் கடையின் பின்கட்டில் ஸ்டவ்வில் வேகவைத்து, துணியில் வடிகட்டி, தூக்குச்சட்டியில் கொண்டுவந்து உன் ரசத்தில் ஊற்றினேன். ஒன்பது நாள் இப்படி நடந்தது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, நான் அடுப்படிக்குள் வந்து ரசம் வைப்பதே பெரிய அதிசயம் என்று அவள் ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருந்தாள். நீ டம்ளர் டம்ளராகக் குடித்தாய். “வாயிலதான் கேலி பண்ணுறாக, எனக்குன்னு ரசம் வைக்கிறது அப்பாதான்” என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்ற மமதையில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ அங்கே தோழிகளிடம், கறி தின்கிற எங்கப்பாவே எனக்காக ரசம் வைத்தார் என்று பெருமை பேசுவதாகச் சொல்லும்போதெல்லாம் நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடியது இதனால்தான். பயத்தில் செய்தேன், ஆனாலும் அது தப்பு. நீ வேண்டாம் என்று வைத்ததை உன் வாயில் ஊற்றியிருக்கிறேன், நம்பிக் குடித்தாய். அப்பாவை மன்னித்துக்கொள்.

உன் அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வாயைத் திறந்தவள், “நான் அனுப்புன பொடிதான் சரியில்லையோன்னு ரெண்டு வருசமா மிளக மாத்தி மாத்தி வறுத்தேனே, பாவி மனுசா” என்று அழுதாள். அந்தப் பாவமும் என் தலையில்தான். நீங்க எழுதலைன்னா நான் எழுதிருவேன் என்றும் சொல்லிவிட்டாள். வெறும் கையோடு எப்படி எழுதுவது என்று எலும்பில்லாமல் அந்த ரசத்தை வைத்துப் பார்க்க இறங்கினேன். முதலில் மீல்மேக்கர். முப்பது வருஷமாக மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறேன், ஒரு தடவைகூட வாயில் போட்டதில்லை. ஊறவைத்த தண்ணீரை ரசத்தில் விட்டேன், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிழிந்தது மாதிரி இருந்தது. இதை வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லையே என்று ஆச்சரியமாகிவிட்டது. அடுத்து காளான் போட்டேன், அஜய்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு ஆபீஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினான், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் கல்யாணச் சமையல் பேச வந்த குருசாமிதான், அண்ணாச்சி, கொள்ளுத்தண்ணி இருக்கப்ப நீங்க எதுக்கு ஊரெல்லாம் தேடுறீக என்று வழி சொன்னார். போன வாரம் வைத்தேன். உன் அம்மா இரண்டு டம்ளர் குடித்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்ல என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதுவாக இல்லாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

இதுதான் செய்முறை. இரண்டு கை கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, நசுங்குகிற பதத்துக்கு வேகவிட்டு, தண்ணீரை வடித்து வைத்துக்கொள். கொள்ளைக் கொட்டிவிடாதே, துவையலுக்கு ஆகும். நெல்லிக்காய் அளவு புளி, பழுத்த தக்காளி இரண்டு, தோலோடு தட்டிய பூண்டு ஏழெட்டு, நெருப்பில் சுட்ட சின்ன வெங்காயம் ஐந்து. அங்கே நெருப்புக்கு எங்கே போவாய், சட்டியிலேயே கருக விடு. பொடியை இந்தப் பார்சலில் அம்மா வைத்திருக்கிறாள், மிளகும் சீரகமும்தான், வேறு எதுவும் இல்லை என்று அவள் என்னைச் சத்தியம் பண்ண வைத்தாள். தாளிக்க நல்லெண்ணெய், நெய் வேண்டாம். கொள்ளுத்தண்ணியைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடு, கொதிக்க விடாதே.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் கறியை விடப்போவதில்லை. கல்யாணத்துக்குக் கிடாய் சொல்லியாகிவிட்டது, சம்பந்தி ஊரில் அது இல்லாமல் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் உனக்கென்று பந்தலின் மறு கோடியில் தனி அடுப்பு, புதுப் பானை, புதுக் கரண்டி, எல்லாம் குருசாமியிடம் சொல்லியிருக்கிறேன். சம்பந்தியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டார். என்னைத்தான் உன் அம்மா நம்பவில்லை. கறிக்குழம்புல நக்குன நாக்கு அந்தப் பானைக்குப் பக்கத்துல வரப்படாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருபத்தொரு வருஷம் உப்புப் பார்த்த எனக்கு என் வீட்டுக் கல்யாணத்தில், என் மகள் பானைக்கு, அனுமதி இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பி12 மாத்திரையைத் தவறவிடாதே, அதுதான் உங்கள் ஆட்களுக்குக் குறையுமாம், இங்கே டாக்டரிடம் கேட்டேன். நீ வந்தால் பெரிய அத்தை முதலில் உன் காலைத்தான் தொட்டுப் பார்ப்பாள், கோபப்படாதே. வீக்கம் வடிந்துவிட்டது என்று நீ சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதை நான் சமாளித்துக்கொள்கிறேன். சமாதானத்தின் தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உன்மேல் எப்போதும் இருக்கும்.

செய்முறையில் உப்பைக் காணோமே, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. ஜனவரியில் அந்தப் பானைக்கு உப்புப் பார்க்க இங்கே ஆள் இல்லை, நீதான் வரவேண்டும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அன்பு அப்பா
ஏ. ஏசுதாசன்