போர்ட் கிள்ளான் வரை கூட்டிப்போன இளவரசி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று வேலை முடிந்து வரும்போது ரயிலில் நான் இறங்க வேண்டிய கிள்ளானைத் தவறவிட்டேன். தங்கச்சி தேவி இணையத்தில் எழுதும் மாயாஜாலத் தொடரைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் போர்ட் கிள்ளான். அதுதான் கடைசி நிலையம்.

சாப்பிடும்போது தேவி சொன்னாள். "அண்ணே, படிக்கிறவங்க எல்லாம் இளவரசியத் திட்டுறாங்க. முதல்லேருந்து மாத்தி, அவள நல்லவளா எழுதப்போறேன்."

"அவ மோசமானவதான். சொந்தத் தம்பியவே பூதத்துக்கு வித்துட்டா. கூட இருக்கிற மந்திரவாதி வாயத் திறந்தாலே பொய். ரெண்டு பேரையும் கண்டாலே எனக்கு ஆகாது."

அவள் முகம் சுருங்கியது. "அப்புறம் ஏன் படிக்கிற?"

"அடுத்து என்ன அநியாயம் பண்ணுவாங்கன்னு தெரியணும் லா! அதப் படிச்சுத்தான் இன்னிக்கு போர்ட் கிள்ளான் வரைக்கும் போயிட்டேன்."

"நெசமாவா?" சிரித்துவிட்டாள்.

"ஒரு வரியும் மாத்தாத. அடுத்த பாகம் எங்க?"

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் வேலை. எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். இந்தக் கதையில் தேடியும் கிடைக்கவில்லை. எழுதியவள் என் தங்கச்சி.

அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்கிறது. இளவரசி மட்டும் திருந்தியிருந்தால், நாளைக்குத் தேவிக்குத் திட்டு இருக்கிறது.