சித்திக்கு வந்த பார்சல்கள்

மார்ச் 4, செவ்வாய்

சித்திக்கு இன்று இன்னொரு பார்சல். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பெட்டி என் இடுப்பு உயரம். கூரியர்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

சித்தி என்று பெயர் வைத்தவள் மகள். அப்போது எட்டாம் வகுப்பு. அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவள் அப்பா மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, உன்ன ஒரு நாளாவது அப்பா இப்படிப் பாத்திருக்காரா? இவ எனக்கு சித்தி முறைதான்." அதிலிருந்து வீட்டில் யாரும் அதைக் கார் என்று சொல்வதில்லை.

பெட்டிக்குள் சைலன்ஸர். இது மூன்றாவதோ நான்காவதோ. இவருடைய குறை என்னவென்றால், மூன்றாவது கியரில் மீட்டர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது இஞ்சின் மெல்லிய உச்சக் குரலில் பாடுமாம். கல்யாணமான புதிதில் எனக்காகவே பாட வைத்துக் காட்டியிருக்கிறார். இப்போது பாட்டு வரவில்லையாம். "அடித்தொண்டை மட்டும்தான் இருக்கு. மேல் குரல் போயிடுச்சு" என்கிறார், ஏதோ வீட்டுப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியதுபோல. எனக்கு அன்றும் இன்றும் அது 'உர்'தான்.

பாகம் விற்பவர்களுக்கு எழுதுவது என் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இவர் எழுதினால் மூன்றாவது வரியில் சண்டை வந்துவிடும்.

மார்ச் 8, சனி

பொருந்தவில்லை. போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று விரல் அகலம் தள்ளி நிற்கின்றன. வேறு வருடத்து மாடலுக்கானது.

விற்றவருக்கு நான் வைத்த பெயர் 'வந்துடும்'. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் "வந்துடும் மேடம்" என்பார். சரியான சைலன்ஸரா? வந்துடும். ரசீது? வந்துடும். இன்று போனை ஸ்பீக்கரில் போட்டு, ஓட்டை பொருந்தவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேசா தட்டினா வந்துடும் மேடம்" என்றார்.

மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்: "எதைத் தட்டறதுன்னு கேளுங்க மேடம். காரையா, அவரையா?"

மார்ச் 16, ஞாயிறு

மகள் போன் செய்தாள். இவர்தான் எடுத்தார். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரி, இரு, அம்மாகிட்ட தரேன்." அவ்வளவுதான். போன் என் கையில்.

இவரைப்போலப் பல் டாக்டர் ஆவதற்கான படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு மர நாற்காலிகள் வடிவமைக்கப் படிக்கிறேன் என்று அவள் வெளியூர் போனதிலிருந்து இப்படித்தான். அன்று இவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில்கூட ஏற்றினார்.

"அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரு இல்ல?" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லடி."

"பின்ன ஏம்மா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கறாரு? வீட்டுக்கு வந்தாலும் நான் பேசறப்ப சும்மா தலையாட்டிட்டு எழுந்து போயிடறாரு. இனிமே நான் ஏன் வரணும்?"

இவரிடம் கேட்டால், "கோவமா? எனக்கா?" என்று திகைக்கிறார்.

ஒரு வகையில் இவர் சாதுவாகத்தான் ஆகிக்கொண்டிருக்கிறார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பது என் பழக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் கூடத்திலிருந்து பதில் பாய்ந்து வரும். இரண்டு வருடமாக ஒன்றுமே வருவதில்லை. வயது ஏறப் பொறுமை வந்துவிட்டது என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

இரண்டாவது வியாபாரி. பெயர்: 'பந்தயம்'. அவருடைய விளம்பரத்தில் அந்தச் சொல் வராத வரி இல்லை. பந்தயத் தரம், பந்தய உலோகம், பந்தயக் காற்றுக் குழாய். ஒருமுறைகூடப் பந்தயத்தில் ஓடாத, மாதத்தில் இரண்டு ஞாயிறு கடைத்தெருவரை போய் வரும் எங்கள் சித்திக்கு இது.

பெட்டியில் குழாய் இருந்தது. அதை மாட்ட வேண்டிய கிளாம்ப் இல்லை. ஆனால் இரண்டு ஸ்டிக்கர் இருந்தன. இவர் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒட்டலாம் என்று காரைச் சுற்றி வந்ததை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது.

மெக்கானிக் தற்காலிகமாகக் கம்பியால் கட்டிவிட, ஓட்டிப் பார்த்தாயிற்று. பாட்டு இல்லை. ஆனால் 'உர்' என்பது 'உர்ர்ர்' ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் கதவை மூடும்போது இப்போதெல்லாம் ஒரு தீர்மானத்தோடு மூடுகிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்றாவது ஆள் ஒரு பெண். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் சைலன்ஸர் செய்கிறவள். நான் எழுதிய நீண்ட, மரியாதையான கடிதத்துக்கு ஒரே வரி பதில்: "சத்தத்தை அனுப்புங்கள், பிறகு பேசலாம்." ஜன்னல்களை ஏற்றி, போனைப் பக்கத்து சீட்டில் வைத்து, மூன்றாவது கியரில் முள் அடியிலிருந்து சிவப்புக் கோடுவரை போகும்படி பதிவு செய்ய வேண்டுமாம். பல்லைப் பார்க்காமல் மருந்து எழுதித் தராத டாக்டர்போல. இவருக்கு மரியாதை வந்துவிட்டது.

நான் போனைப் பிடித்துக்கொண்டு போனேன். ஏர் கண்டிஷனர் கிடையாது, ஜன்னல் மூடியிருக்கிறது, வெயில். வாய் சும்மா இருக்குமா? திரும்பி வரும்போது இடதுபுறம் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே வந்தார். இவர் பாட்டுக்கு வளைக்கிறார். நான் கத்திய பிறகுதான் பிரேக். சைக்கிள்காரரின் முகம் என் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி.

"மணி அடிக்க வேண்டாமா அந்த ஆளு?" என்றார் இவர்.

அடித்துக்கொண்டுதானே இருந்தார்?

ஏப்ரல் 11, வெள்ளி

பதில் ஆபீஸ் நேரத்தில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீங்கள் போய்விட்டது என்று சொல்லும் குரல் பதிவில் இருக்கிறது. முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன் தொடங்குகிறது. நல்ல குரல். விற்பது என் தொழில்தான், ஆனாலும் உங்களிடம் இருப்பதையே உங்களுக்கு விற்க முடியாது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பதிவை வேறு யாராவது ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: வழி முழுக்க இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் அணைக்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவின் விமர்சனங்களை நானும் என் வெல்டரும் இரண்டு முறை கேட்டோம்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். எங்கே தேடுவது என்று தெரிந்த பிறகு எனக்கும் கேட்டது. 'உர்'ருக்கு மேலே, மெல்லியதாக, நூல் பிடித்ததுபோல. இத்தனை வருடத்தில் முதல் தடவை. நன்றாகத்தான் இருக்கிறது.

அதற்குக் கீழே டிக் டிக் டிக். பிறகு சைக்கிள் மணி. விடாமல்.

ஏப்ரல் 12, சனி

பொறுமை இல்லை அது. இவருக்கு என் குரலே கேட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கடிதத்தைக் காட்டினேன். ஒரு நல்ல மறுப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், இதைவிடப் பதமாக யாரும் எழுத முடியாது. ஆனாலும் இவர் முகம் போன போக்கு—

"சைலன்ஸர் விக்கறவ எனக்குக் காது பாக்கறாளா?"

"அவ பாக்கல. நான் பாக்கறேன். ஒரு டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க."

"நானே டாக்டர்."

"பல்லுக்கு!"

"எனக்கு எல்லாம் கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே பேசற. உன் பொண்ணும் அப்படித்தான். தெளிவா பேசினா கேக்காதா?"

இருபத்தைந்து வருடம் டிரில்லைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்ற மனிதர். எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் வாயைத் திறந்திருக்கும், ஆனால் யாரும் பேச முடியாத தொழில். எப்படித் தெரிந்திருக்கும் இவருக்கு? எனக்கே தெரியலயே. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு. ஆபீஸ்ல என்ன பெருமை வேற.

மகள் கோபம் என்று நினைத்தது இதைத்தான். அவளுடையது கிளிக்குரல். போனில் இவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? கேட்காததை ஒப்புக்கொள்வதைவிடப் போனை என்னிடம் தள்ளிவிடுவது சுலபம்.

ஏப்ரல் 19, சனி

பேச்சுவார்த்தை இல்லை. 'வந்துடும்'காரரிடம் இவரே போனில் இன்னொரு சைலன்ஸர் கேட்டிருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்பது இவருக்குக் கேட்டிருக்காது. எனக்குத் தெரியும்.

மே 3, சனி

மகளுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். வரமாட்டேன் என்றவள் காலை வண்டியிலேயே வந்து இறங்கினாள்.

மெக்கானிக் கிளாம்ப் மாட்ட வந்திருந்தார். இவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். மகள் நேராகப் போய் சித்தியின் மேல் போனை வைத்தாள். "அப்பா, இதுல ஒரு சத்தம் வரும். வரும்போது எல்லாரும் கையத் தூக்கணும். யாரும் யாரையும் பாக்கக் கூடாது. கண்ண மூடிக்கங்க." இவர் சின்ன வயது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

பதிவு ஓடியது. நூல் குரல் வந்தது. நான் கையைத் தூக்கினேன். இவர் மட்டும் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். மகள், மெக்கானிக், நான், மூன்று கைகளும் ஒரே நேரத்தில் மேலே இருந்தன. மெக்கானிக்கின் கையில் ஸ்பானர்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

மறுபடியும் மூன்று கைகள், அதே இடத்தில்.

மெக்கானிக் ஸ்பானரை மெதுவாக இறக்கி, எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் பானெட்டை மூடினார். பிறகு, மகளைப் பார்த்து, "நீ போன்ல பேசறது எனக்கு ரொம்ப நாளாவே சரியா விளங்கல" என்றார். "எத்தன தடவதான் என்ன என்னன்னு கேக்கறது? அலுத்துக்குவியோன்னு..."

"நான் நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேம்ப்பா."

"எதுக்கு?"

"நாற்காலிக்கு."

"நாற்காலி மேல எனக்கு என்னடி கோவம்?"

அவள் அழுதாள், சிரித்தாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பல் டாக்டர், வாயைத்தானே பார்ப்பார் என்று இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன். உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மே 9, வெள்ளி

காது டாக்டர். சின்னப் பெண். நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், இவருடைய நோயாளிகள் பிடிப்பதுபோலவே. "வலிக்காது டாக்டர்" என்றாள் அவள். "இதத்தான் நானும் சொல்லுவேன்" என்றார் இவர், நம்பாமல்.

மேல் ஸ்தாயி மட்டும் இரண்டு காதிலும் தேய்ந்திருக்கிறது. டிரில்தான் காரணமாக இருக்க வேண்டும். போனது திரும்பாது, கருவி வைத்தால் இருப்பதைக் கொண்டு ஓட்டலாம். "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?" என்றாள். தினமும் எல்லோரிடமும் இவர் கேட்கும் கேள்வி. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 24, சனி

கருவி வந்து நான்கு நாளாகிறது. வீட்டில் குறை கேட்கும் அதிகாரி குடியேறியதுபோல இருக்கிறது. "ஃப்ரிட்ஜ் எப்பவும் இப்படிக் கத்துமா?" "பேப்பர மெதுவா திருப்பேன்." "நம்ம வீட்டுக் கதவு இப்படியா கிறீச்சிடும்? யாரும் எண்ணெய் போடக் கூடாதா?"

இன்று சித்தியை எடுத்தார். முதல் உறுமலிலேயே அணைத்துவிட்டார். வெளிறிப் போயிருந்தார்.

"இவ்வளவு சத்தமா? ஏன் யாருமே சொல்லல?"

எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லும் ஆசை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம் பழைய பதிவைப் போட்டுக் கேட்டார். முள் ஏறும் இடத்தில் தலையைச் சாய்த்தார். "அதே குரல் இல்ல" என்றார். "கொஞ்சம் தகரம் மாதிரி இருக்கு. ஆனா சொந்தக்காரங்கதான். ஜாடை தெரியுது." கண் கலங்கியிருந்ததா என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் புருவம் சுருங்கியது.

"'இந்த வெயில்ல பொண்டாட்டிய அவிச்சு எடுக்கற மனுஷன்' — நீயா சொன்ன?"

"ஆமா."

"'ஸ்டிக்கர் ஒட்டின கெழவன்' — இதுவுமா?"

"வழக்கமா சொல்றதுதான்."

"வழக்கமாவா?" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருட பாக்கியைக் கணக்குப் போடுகிறார் என்று நினைக்கிறேன்.

மே 31, சனி

சைலன்ஸர்காரிக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். கம்பெனி பழக்கத்தில் 'வருந்துகிறோம்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். இவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பழைய, சத்தமில்லாத ஒரிஜினல் சைலன்ஸர் ஒன்று கிடைக்குமா?

பதில்: "கிடைக்கும். கழற்றியதை நீங்கள் வீட்டில் எங்காவது வைத்திருப்பீர்கள், முதலில் அதைத் தேடுங்கள்."

கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சித்தி இப்போது அடக்கமாக 'உர்' என்கிறாள். ஸ்டிக்கர் மட்டும் எடுக்க வரவில்லை.

மகள் போன் செய்தாள். இவர் எடுத்தார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே போய்த் தயாராக நின்றேன். போன் என் கைக்கு வரவில்லை. கூடத்தில் குரல் மட்டும் கேட்டது: அந்த நாற்காலிக்கு எத்தனை கால், ஏன் மூன்று, சாய்ந்தால் விழாதா, விழுந்தால் எந்தப் பல் முதலில் உடையும். டீ ஆறி, ஏடு கட்டிவிட்டது. திரும்பிப் போய்ப் பாத்திரத்தில் கை வைத்தேன்.

"பெத்தவளுக்கும் ரெண்டு வார்த்த மிச்சம் வெச்சா என்னவாம்" என்றேன், தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள்ளேயே, எனக்கு மட்டும்.

கூடத்திலிருந்து பதில் வந்தது: "கேட்டுச்சு!"