நான் இல்லாமல் நடந்த சுன்னத்

ஏப்ரல் 18, வெள்ளி

நான் வேலை பார்க்கும் தீவு ஊரான கேம்பல் பேயிலிருந்து கப்பல் இரண்டு நாள் தாமதம். மதியம் வீட்டுக்கு வந்தால், மகன் வெள்ளைக் கைலியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான். நான் வந்த பிறகு செய்வதாகத்தான் பேச்சு. நேற்றே சுன்னத் முடிந்துவிட்டது.

"டாக்டர் மெயின்லேண்ட் போறாராம் மாப்ள. உங்க கப்பலுக்காக அவர் காத்திருப்பாரா? நானே மடியில வச்சு முடிச்சுட்டேன்" என்று மாமனார் சிரித்தார்.

"நீங்க ஏன் வரல அத்தா?" என்று மகன் கேட்டான்.

இப்ராஹிம் நபி எண்பது வயதில் தன் கையாலேயே செய்துகொண்டார். அல்லாஹ்வோடு செய்த உடன்படிக்கைக்கு உடம்பில் ஓர் அடையாளம். அதில் மகனைச் சேர்ப்பது தகப்பன். என் மகனைச் சேர்த்தது இவர். இன்னொரு முறை செய்ய முடியாது.

அடுத்த மாதம் மாமனார் ஹஜ்ஜுக்குப் போகிறார். அதற்கு முன் வீடு வீடாகப் போய், "ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான். என்னிடமும் வருவார். அன்று நான் கேம்பல் பேயில் இருப்பேன். போனை அணைத்து வைப்பேன். நான் பொறுக்காமலே அவர் இப்ராஹிம் நபி நின்ற இடத்தில் போய் நிற்கட்டும். அவருடைய விமானம் என் கப்பலுக்காகக் காத்திருக்குமா?