நாற்பத்தேழு அறைகள்

பதிவாளர்: ஜெசிந்தா கொரைரா, கற்றல் தள வடிவமைப்பாளர்.
இடம்: நிலவின் தென்துருவம், பனிச்சுரங்கக் குடியிருப்பு, வடக்குப் பகுதி, கணினி அறை.

2094 ஆகஸ்ட் 3, 09:10

சர்வர் வெப்பம் சரி. இணைப்பு சரி. பதிந்த மாணவர்கள் 47. நேற்று உள்ளே வந்தவர்கள் 44.

எனக்குப் பின் இந்த வேலைக்கு வருபவருக்காக இதை எழுதுகிறேன். குடியிருப்பு இரண்டு பகுதி. தெற்கில் சுரங்கமும் நூற்று நாற்பது தொழிலாளர்களும். வடக்கில் நிர்வாகம், காவல், மருத்துவம், சமையல், காற்று நிலையப் பொறியாளர், நான்: முப்பத்திரண்டு பேர். நடுவில் காற்று நிலையம். அதை இயக்கும் உரிமத்துக்குத் தெற்கிலிருந்து நாற்பத்தேழு பேர் இணையத்தில் படிக்கிறார்கள். போன வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம் இருந்தது. ஒருவர்கூடத் தேறவில்லை. அதனால் பாடத்தைக் கலைத்துவிட்டு நாற்பத்தேழு அறைகள் கட்டினேன். ஒவ்வொருவர் அறையும் அவருக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றிலிருந்து தொடங்கும்.

இசக்கிமுத்து, துளைப்புப் பிரிவு மேஸ்திரி, வயது 52. ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கு வருமுன் இருபது வருடம் போர்வெல் லாரியில் இருந்தவர். அவர் அறையில் அழுத்தப் பாடம் கம்ப்ரஸர் சத்தத்தோடு ஆரம்பிக்கும். இன்று காலை அவர் அனுப்பிய குரல் செய்தி:

"டீச்சர், இது நம்ம போர் லாரில்லா! இத மொதல்லயே இப்பிடிச் சொல்லிருந்தா நான் ரெண்டு மட்டம் பெயிலாயிருப்பனா?"

மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

ஆகஸ்ட் 9, 16:40

29ஆம் பாடம் வரை எல்லா அறைகளிலும் ஏற்றியாகிவிட்டது. 31ஆம் பாடம், வால்வுகளைக் கையால் இயக்குவது, ஒரு தாளில் குறிப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம்.

மாணவர் விவரத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு: 'எது தடுக்கிறது?' ஒருவரைப் படிக்கவிடாமல் செய்வது எது என்று தெரிந்தால் அறையை அதற்கேற்ப மாற்றலாம். பேச்சித்தாய்க்கு எழுத்து ஓடாது. அவர் வெடி வைக்கும் பிரிவு, வயது 38. அவர் அறையில் எழுத்தே கிடையாது, குரல் மட்டும். இசக்கிமுத்துவின் அறையில் கதவுகளை எடுத்துவிட்டேன். பத்தொன்பது வயதில் இடிந்த கிணற்றுக்குள் இரண்டு நாள் கிடந்தாராம். "படத்துல கதவு மூடுனாலும் நெஞ்ச அடைக்கி டீச்சர். இத ஒங்ககிட்டதான் சொல்லுதேன்" என்றார். எழுதிவைத்தேன்.

இந்தத் தளத்தில் நான் செய்த நல்ல காரியம் இந்தப் பத்திதான்.

ஆகஸ்ட் 14, 11:25

காலை 07:50க்கு நான்காம் குகை இடிந்தது. பதினோரு பேர் செத்தார்கள். மூவர் என் மாணவர்கள். அவர்களுடைய அறைகளை அழிக்க மனம் வரவில்லை.

வெடி வைத்தவர்களின் பிழை என்று நிர்வாகம் அறிவித்தது. கூரை விரிசலைப் பற்றி ஒன்பது முறை எழுதிக் கொடுத்திருந்ததாகப் பேச்சித்தாய் பொது ஒலிபெருக்கியில் சொன்னார். பாதியில் இணைப்பைத் துண்டித்தார்கள். தெற்கில் வேலை நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 16, 13:05

காவலர்கள் பிணங்களை எடுக்கப் போனார்கள். தொழிலாளர்கள் விடவில்லை. கேமராவில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

காவலர் ஒருவர் தடியால் ஒரு பெண்ணின் வாயில் அடித்தார். துளைப்புக் கம்பி ஒன்று அந்தக் காவலரின் தலையில் இறங்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். எண்ணினேன், பதினான்கு அடி. காவலர்கள் சுட்டார்கள். விலக்கிவிடக் குறுக்கே வந்த காற்று நிலையப் பொறியாளர் பெலிக்ஸ் கழுத்தில் குண்டு வாங்கினார். இங்கே ரத்தம் மெதுவாக விழும். கூரை வரைக்கும் போய், சாவகாசமாக எல்லோர் மேலும் இறங்கியது.

செத்தவர்கள்: தொழிலாளர் தரப்பில் ஆறு பேர், காவலர் இருவர், பெலிக்ஸ். காற்று நிலையத்தைக் கையால் இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 17, 10:30

இடது கையால் எழுதுகிறேன்.

காவல் தலைவர் சிவநேசன் காலை 09:00க்கு வந்தார். என் மாணவர் விவரங்கள் வேண்டுமாம். தர மறுத்தேன். இரண்டு பேர் என் வலது கையை மேசையோடு சேர்த்துப் பிடித்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க மேடம், ஒரு பாஸ்வேர்டு. சொல்லிப்போட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாமுங்க."

ஆள்காட்டி விரலைப் பின்பக்கமாக மடித்தார். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். நடுவிரலிலும் அதே சத்தம். அதன் பிறகு சொல்லிவிட்டேன். அவர் தேடித் திறந்தது 'எது தடுக்கிறது?' என்ற அந்தப் பத்தியைத்தான்.

நர்ஸ் ஹமீதா விரல்களுக்குக் கட்டுப்போட்டாள். காயல்பட்டினத்துக்காரி. எனக்குத் தூத்துக்குடி. இங்கே எனக்கென்று இருப்பவள் அவள்தான். "சொல்லாம இருந்திருந்தா கையவே எடுத்திருப்பான் புள்ள" என்றாள். இருக்கலாம். ஆனால் மூன்றாவது விரல் வரை நான் பொறுக்கவில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 18, 09:40

பேச்சுவார்த்தைக்கு என்று சொல்லி இசக்கிமுத்துவை அழைத்தார்கள். வந்தவரை மேற்கு வெளியேற்ற அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். நிலவின் தரைக்குப் போகும் சின்ன அறை அது. உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு. விளக்கை அணைத்தார்கள். அவர் குரலைப் பொது ஒலிபெருக்கியில் விட்டார்கள். வேலைநிறுத்தத்தை முடிக்கும்படி அவர் வாயாலேயே சொல்லவைக்கத் திட்டம்.

08:52: "ஏல, எவன்ல அது? தெறல!"
08:58: "ஐயா, ஒரு விரக்கட தெறந்து வையுங்க ஐயா. எங்கயும் போவ மாட்டேன். காத்து வந்தாப் போதும்."
09:07: சொற்கள் இல்லை. கதவில் அடிக்கும் சத்தம். முதலில் கையால், பிறகு தலையால் என்று நினைக்கிறேன்.
09:15: சிவநேசன், "சொல்லிருங்க பெரியவரே. வேலைக்குப் போகச் சொல்லுங்க, தொறந்துடறோமுங்க."
09:16: "தெறந்துட்டேன்."

இருட்டில் அவர் கை வெளிக்கதவின் நெம்புகோலைக் கண்டுபிடித்திருக்கிறது.

நூற்றிருபது பேர் அதைக் கேட்டார்கள். எந்தச் சாவியால் அவரைத் திறந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19, 11:02

காலையில் தெற்கில் இரண்டு காவலர்களைப் பிடித்து, பனி உடைக்கும் பொறியில் போட்டிருக்கிறார்கள். படத்தைச் சிவநேசனுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

10:55க்கு அவர் தெற்குக்குப் போகும் காற்றை நிறுத்திவிட்டு, அங்கே இருக்கும் காற்றை வெளியேற்றச் சொன்னார். அழுத்தம் வழக்கமான எழுபதிலிருந்து இறங்குகிறது, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம். நாற்பத்தைந்தில் மயங்கத் தொடங்குவார்கள். நாற்பத்தைந்து நிமிடம் இருக்கிறது.

இங்கிருந்து கொடுத்த கட்டளையை அங்கே கையால் மாற்ற முடியும். தெற்கு நடைக்கூடத்தில் நான்கு சிவப்புச் சக்கரங்கள் உண்டு. மண்டியிட்டு, பூட்டு ஊசியை உருவி, வரிசை தவறாமல் சுற்ற வேண்டும். வரிசை தவறினால் இறுகிக்கொள்ளும், ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 31ஆம் பாடம்.

தளம் இன்னும் இயங்குகிறது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

11:09

முப்பத்தாறு அறைகளில் ஆள் இருக்கிறது. ஒரே பாடத்தை எல்லோருக்கும் அனுப்பினால் போன வருடம் நடந்ததுதான் நடக்கும். ஒரு தாளை முப்பத்தாறாகப் பிரிக்கிறேன். பேச்சித்தாய்க்குக் குரல், அதுவும் ஒரே தடவை. திரும்பச் சொன்னால் அவருக்குக் குழம்பும். வெல்டருக்கு ஜாடிக்கேற்ற மூடியாக வெல்டிங் கேஸ் ரெகுலேட்டர். படம் வரைகிறவருக்கு வெறும் கோட்டுப்படம்.

ஒரு சிக்கல். நான்கு சக்கரங்களில் இரண்டு தெற்குக்கு, இரண்டு வடக்குக்கு. எது அவர்களுடையது என்று காட்டினால் எது எங்களுடையது என்பதும் தெரிந்துவிடும். ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் அழுத்தம் அரைப் புள்ளி இறங்கியது.

காட்டினேன்.

11:41

அழுத்தம் 48. முதல் குழு வரிசையைத் தவறவிட்டது. இரண்டாம் குழுவில் ஒருவர் மயங்கி விழுந்தார். வெல்டர் ஊசியை உருவிவிட்டார். பேச்சித்தாய் சக்கரத்தில் இருக்கிறார்.

11:46

அழுத்தம் 46. 46. 47.

49.

தெற்கில் காற்று வருகிறது. மேசையில் தலையை வைத்து அழுதேன்.

12:14

தளத்தின் வழியாக அழைப்பு. பேச்சித்தாய்.

"டீச்சர், வடக்குலதான் இருக்கியளா?"

ஆமாம் என்றேன். என்னோடு ஹமீதா இருக்கிறாள், சமையல்காரர்கள் மூவர் இருக்கிறார்கள், கணக்கர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் காவலர்கள் அல்ல என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. இசக்கிமுத்துவைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். மூடுன கதவு ஆவாதுன்னு அண்ணாச்சி எங்ககிட்டகூடச் சொன்னதில்ல. ஒங்ககிட்டதான் சொல்லிருக்காரு. அன்னைக்கே வெளங்கிட்டு."

விரல்களைச் சொன்னேன்.

"வலிச்சிருக்கும்" என்றார். "பாடம் நல்லாப் புரிஞ்சிது டீச்சர். எங்க புள்ளையளும் கும்புடுவாங்க. ஆனா நாலாங்குகைல பதினோரு பேரு. எல்லாரும் வெடிக்காரங்க இல்ல."

இணைப்பு அறுந்தது.

12:20

வடக்கில் அழுத்தம் 69.

12:38

அழுத்தம் 58. மூன்றாவது, நான்காவது சக்கரங்கள். வரிசை தவறவில்லை.

காவலர்கள் தெற்குக் கதவை உடைக்கப் போனார்கள். பேச்சித்தாயின் ஆட்கள் அங்கே வெடி வைத்திருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர் திரும்பி வந்தார். ஒரு கை இல்லாமல்.

12:49

அழுத்தம் 52. அவசர அறைக்கு வந்துவிட்டோம். கணினி அறையை ஒட்டியது. ஆறு சிலிண்டர். எட்டுப் பேருக்கு ஐந்து மணி நேரம் வரும். நாங்கள் இருபத்துமூன்று பேர்.

சிலிண்டரைத் திறக்க மற்ற யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வழி தெரியும், வலது கை உதவாது. சிவநேசனிடம் பலமான இரண்டு கைகள் இருக்கின்றன. அவர் என் தளத்துக்குள் ஒருநாளும் மாணவராக வந்ததில்லை. அவருக்கு என்ன தெரியும், எதில் சிக்குவார், ஒன்றும் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் எந்த வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். முறைத்தார். பிறகு சொன்னார்.

"காங்கேயத்துல அப்பாவுக்குச் சைக்கிள் கடைங்க."

அப்படியானால் இது ஒரு பெரிய டியூப், இது அதன் வால்டியூப், முதலில் மூடியைக் கழற்றுங்கள், ஒரேயடியாகத் திறக்காதீர்கள், காது வைத்துக் கேளுங்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். கெட்டிக்கார மாணவர். சீறல் வந்தது. எல்லோர் முகத்திலும் காற்று அடித்தது.

12:57

துப்பாக்கியைக் காட்டி எங்களை எண்ணினார். அவரும் அவருடைய காவலர்கள் ஆறு பேரும். எட்டாவதாக என்னைச் சுட்டினார். மற்ற சிலிண்டர்களையும் திறக்க நான் வேண்டுமாம். பதினைந்து பேரை வெளியே தள்ளினார்கள். ஒரு சமையல்காரர் நகர மறுத்தார். முகத்தில் சுட்டார்கள். ஹமீதா என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

இழுத்துக்கொண்டேன்.

கதவு மூடியாயிற்று.

13:06

வெளியே அழுத்தம் 43. தட்டுகிறார்கள். சுவர்த் தொலைபேசியில் அவள்:

"ஜெசி... தொற புள்ள... தலை சுத்துது... ரெண்டு பேரு விழுந்துட்டாங்க..."

சிவநேசன் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். "கேக்காதீங்க மேடம். அடுத்த சிலிண்டருக்கு எத்தனை மணிக்குங்க மாறணும்?" என்கிறார். பாடத்தில் கவனமாக இருக்கிறார்.

13:11

தட்டுவது குறைகிறது. நான்கு பேர். மூன்று.

இந்தக் கதவின் பிடி என் இடது பக்கம் இருக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் போதும். திறந்தால் காற்று வடக்கு முழுவதும் பரவி எல்லோருக்கும் பங்காகும். இருபது நிமிடம் வரலாம், அதற்குள் வடக்குச் சக்கரங்களைத் திறந்துவிடும்படி பேச்சித்தாய்க்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். திரும்பச் சொன்னால் அவருக்குக் குழம்பும். ஒரே தடவையில் சொல்ல வேண்டும்.

சிவநேசன் சிலிண்டர் பக்கம் குனிந்திருக்கிறார். ஒரு காவலர் மட்டும் என்னைப் பார்க்கிறார். அவர் அழுகிறார்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: பிடியை மேலே தூக்கி, இடப்பக்கம் முக்கால் சுற்று. இடது கையாலும் முடியும். தூக்கி

இரண்டு பேர் தட்டுகிறார்கள்

13:13

ஒருவர்